தாத்தாவின் காளவாய்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. வேதிச்சமநிலை என்றால் வினை நின்றுபோவது என்றுதான் உன் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்றாய். இருபத்தெட்டு வருஷமாக நானும் அதே விடையைத்தான் சிவப்பு மையால் அடித்தேன். கரும்பலகையில் அம்புக்குறி போடும் முன், உன் தாத்தாவின் சுண்ணாம்புக் காளவாயைப் பற்றிச் சொல்லிப் பார்.

பழவேற்காட்டு ஏரிக் கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகக் கொட்டி, அடியிலிருந்து காற்று ஊதுவார் தாத்தா. கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது 100 கிராம் முழுக்க வெந்தால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். கூடை சுமந்த எனக்கு அந்த எடைக் குறைவு தலையிலேயே தெரியும். இப்படிப் பிரிய ஒரு மோலுக்கு, அதாவது அந்த 100 கிராமுக்கு, 178 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மூட்டை மூட்டையாகக் கரி போனதில் ஒரு பங்கு இதற்குத்தான்.

ஊதுவது கரி எரிவதற்கு மட்டும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். கல்லூரியில்தான் அதன் இன்னொரு வேலை புரிந்தது. இதே கிளிஞ்சலை மூடிய கலத்தில் 800 டிகிரி செல்சியஸில் வைத்தால், வாயு சேரச் சேர அது சுண்ணாம்போடு திரும்பவும் கூடத் தொடங்கும். அந்த வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 0.2 வளிமண்டலத்தை, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை, எட்டும்போது பிரிவதும் கூடுவதும் ஒரே வேகத்துக்கு வந்துவிடும். அதுதான் சமநிலை. அழுத்தமானி முள் அசையாது. உள்ளே இரண்டும் ஓயாமல் நடக்கும். கிளிஞ்சலை இரட்டிப்பாக்கினாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். ஏன் என்று பிள்ளைகளைக் கேள், கொஞ்சம் முட்டி மோதட்டும். 900 டிகிரியை நெருங்கினால் அந்த அழுத்தம் 1 வளிமண்டலமாகிவிடும். காளவாயோ திறந்தது. வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், திரும்பிக் கூட ஆளிருக்காது. சமநிலையை எட்டவிடாமல் பார்த்துக்கொள்வதே தாத்தாவின் தொழிலாக இருந்தது.

சமநிலையைக் குலைத்தால் அது அந்த மாற்றத்தைக் குறைக்கும் பக்கம் நகரும் என்ற தத்துவத்தை 1884இல் சொன்ன லீ சாட்லியர், சாந்தும் சிமெண்டும் எப்படி இறுகுகின்றன என்று ஆராய்ந்தவர். காளவாய்க்காரர் மகளாக இருந்தும் இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வினையின் வேகத்தை விளக்கவும் காளவாயே போதும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் சீறி, பொரிந்து, மாவாகும். ஒரு மோலுக்கு, இங்கே 56 கிராமுக்கு, ஏறக்குறைய 65 கிலோஜூல் வெளியே வரும். தீ மிஞ்சி முறுகிய கட்டியோ தண்ணீரில் சும்மா கிடக்கும். வரவேண்டிய வெப்பம் அதிலும் அதேதான். ஆனால் நுண்துளைகள் இறுகிவிட்டதால் தண்ணீர் உள்ளே புகாது. சுவரில் பூசிப் பல நாள் கழித்து நீறி, உப்பி, பூச்சைப் பெயர்க்கும். ஒரு வீட்டில் அப்படிப் பெயர்ந்தபோது தாத்தா வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

வகுப்பில் செய்து காட்டினால் கண்ணாடி மாட்டிக்கொள், பிள்ளைகளைத் தள்ளி நிற்க வை. கண்ணில் தெறித்தால் புண்ணாக்கிவிடும்.

நம் பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சில் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மறுபடி கார்பனேட்டாகியிருக்கிறது. வினிகர் விட்டுப் பார்த்தேன், நன்றாக நுரைத்தது. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா