கேட்டது ஃபார்வர்டிங், போட்டது மாஸ்கிங்: உடனே சரிசெய்யக் கோரி புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நாச்சியார்கோயிலில் பித்தளைக் குத்துவிளக்கு வார்த்து விற்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் இணையதளத்தின் பழைய டாட் காம் முகவரி, புதியது இரண்டையும் டொமைன் (இணைய முகவரி) பதிவு செய்து தரும் உங்கள் நிறுவனத்திடமே பதிந்திருக்கிறோம். பழையதற்கு வருகிறவர்கள் புதிய தளத்துக்குப் போய்ச் சேர 301 ஃபார்வர்டிங், அதாவது நிரந்தரமாகப் புதிய முகவரிக்கே திருப்பிவிடும் ஏற்பாடு, போடச் சொல்லி மெயில் எழுதினேன். பழைய முகவரியை அப்படியே காட்டிக்கொண்டு புதிய தளத்தை உள்ளே திறக்கும் மாஸ்கிங்கைப் போட்டுவிட்டார்கள். வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

எங்கள் தளத்தை ஃபிரேமுக்குள் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) திணித்ததால், எந்த விளக்கைத் திறந்தாலும் மேலே அதே பழைய முகவரிதான் நிற்கிறது. மூன்றடி அன்ன விளக்கின் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்கே முகப்புப் பக்கம் திறக்கிறது. பணம் கட்டும் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. இப்படி ஃபிரேமுக்குள் வைத்துக் காட்டுவது மோசடிக்காரர்கள் செய்யும் வேலை என்பதால், அடுத்தவர் ஃபிரேமுக்குள் திறக்காதபடி பணம் வாங்கித் தரும் நிறுவனத்தார் அந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பழைய முகவரிக்குப் பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழும் இல்லை. 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் பயமுறுத்துகிறது. தாத்தா காலத்திலிருந்து வாங்கும் சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று, "உங்க பேர்ல யாரோ ஏமாத்துறாங்க, பார்த்துக்குங்க" என்று போன் செய்தது. இதற்கு என்ன நஷ்டஈடு தருவீர்கள்?

உலையை அணைத்துவிட்டுத் திருச்சி அலுவலகத்துக்கே வந்தேன். "இங்க சேல்ஸ் மட்டும்தான் சார், டிக்கெட் போடுங்க" என்று ஆன்லைனில் புகார் பதியச் சொன்னார்கள். போடுகிற டிக்கெட்டையெல்லாம் 'தீர்க்கப்பட்டது' என்று மூடுகிறீர்கள்.

உங்கள் கஸ்டமர் கேர் ஆள் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை. "சைட்டு ஓப்பன் ஆகுதுல்ல, அப்புறம் என்ன? வெவரம் தெரிஞ்ச பசங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க." வயதில் பெரியவனிடம் பேசும் பேச்சா இது? அழைப்பைப் பதிவு செய்திருப்பீர்கள், எடுத்துக் கேளுங்கள்.

நடுவில் ஒருமுறை மாஸ்கிங்கை எடுத்துவிட்டு 302 ஃபார்வர்டிங் போட்டார்கள். அது தற்காலிக மாற்றத்துக்கு உரியது. நாங்கள் நிரந்தரமாக மாறிவிட்டோம். அப்போதும் உள்பக்க லிங்க் எல்லாம் முகப்பிலேயே போய் விழுந்தன. கேட்டதும் பழையபடி மாஸ்கிங்! விளக்குப் பெட்டிகளில் அச்சடித்த க்யூஆர் எல்லாம் பழைய முகவரிக்குத்தான் போகிறது. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்கள்தான் வருஷம் முழுக்க எங்களுக்குச் சோறு போடுபவை. அத்தனையும் போயிற்று. தலைமுறைகளாகச் சேர்த்த பெயரையே அழித்துவிட்டீர்கள்.

தயவுசெய்து மாஸ்கிங்கை எடுத்துவிட்டு 301 போடுங்கள். ஒவ்வொரு பழைய பக்கமும் அதனதன் புதிய பக்கத்துக்கே போகவேண்டும், எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) என்று தொடங்கும் பழைய முகவரிக்கும் சேர்த்து. உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு இது சில நிமிட வேலை என்று நம்புகிறேன்.

ஒரு வாரத்துக்குள் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் போகும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; தஞ்சாவூர் எனக்குத் தூரமில்லை. டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீடான ஆத் கோடும் கேட்பேன். உலக அளவில் டொமைன்களை நிர்வகிக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் விதிப்படி அதை 5 நாளுக்குள் தந்தாக வேண்டும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில்தான் பேசுவீர்கள் என்றால் அந்த நபரை மட்டும் பேச விடாதீர்கள்.

இப்படிக்கு,
விளக்குப் பட்டறை உரிமையாளர்,
நாச்சியார்கோயில்