கண் இமை வலியும் வீக்கமும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாகக் கண் இமை வீங்கிய பிள்ளைகள் அங்கொருவரும் இங்கொருவருமாக வகுப்புக்கு வருகிறார்கள். "பக்கத்தில் உட்கார்ந்தால் என் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும், வேறு பெஞ்சுக்கு மாற்றுங்கள்" என்று சிலர் கேட்டீர்கள். இன்னொரு பக்கம், கண்ணே திறக்க முடியாமல் வீங்கிய பிள்ளையை, தேர்வு தவறிவிடுமே என்று அனுப்பி வைத்தவர்களும் உண்டு. பயப்பட வேண்டாத இடத்தில் பயம், பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியம். இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாம் அதிகம் பார்ப்பது கண்கட்டி. இமை ஓரத்தில், முடி முளைக்கும் இடத்தில், சிவந்து பருவைப் போல வீங்கும். தொட்டால் வலிக்கும். இமைகளில் எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் மட்டும் சுமார் 30 இருக்கும். கண்ணீர் சீக்கிரம் காய்ந்துபோகாமல் காப்பது அந்த எண்ணெய்தான். அந்தச் சுரப்பியோ முடியின் வேரோ அடைபட்டு, தோலில் எப்போதும் இருக்கும் கிருமி உள்ளே புகுந்தால் கண்கட்டி. உடல் சூட்டினால் வருவது என்று வீட்டில் சொல்வோம். அழுக்குக் கையால் கண்ணைத் தேய்ப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இது பார்ப்பதால் வராது, பக்கத்தில் உட்கார்வதாலும் வராது. அதனால் கண்கட்டி வந்த பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கப் போவதில்லை. துண்டு, கைக்குட்டை, கண்மை ஆகியவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. மெட்ராஸ் ஐ வேறு விஷயம். அதில் வெள்ளை விழியே சிவந்து, நீரும் பீளையும் வடியும். அதுவும் பார்வையால் பரவுவதில்லை, கை வழியாகத்தான் பரவுகிறது. ஆனால் வேகமாகப் பரவும் என்பதால், அப்படி இருந்தால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வீட்டில் இருக்கட்டும்.

கண்கட்டிக்கு வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வெதுவெதுப்பான ஒத்தடம். சுத்தமான பருத்தித் துணியை இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்த பிறகு, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக உடைந்தோ அமுங்கியோ போய்விடும். பிதுக்கவே கூடாது, கிருமி உள்ளே பரவும். உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக வைக்கும் பழைய வழக்கத்தில், கையைக் கழுவியிருந்தால் பெரிய கெடுதல் இல்லை. நாமக்கட்டியை உரைத்துப் பூசுவது, தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது எல்லாம் வேண்டாம். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கண்ணுக்குள் போகும் எதுவும் கிருமி இல்லாததாக இருக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அதைவிட எனக்குப் பயம் தருவது மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஊற்றியதும் சிவப்பு குறையும், "நல்ல மருந்து" என்று தொடர்ந்து விடுவோம். நாளடைவில் கண் அழுத்தம் கூடலாம், புரை விழலாம். சின்ன வயதில் இழந்த பார்வை எல்லாம் திரும்பி வந்துவிடாது. போன வருடம் அண்ணனுக்கு வாங்கிய பாட்டில் அலமாரியில் இருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள். திறந்த சொட்டு மருந்தைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

வலியில்லாத உருண்டையாகக் கட்டி அப்படியே நின்றுவிட்டால், அது அடைபட்ட எண்ணெய்ச் சுரப்பி. அவசரம் இல்லை. ஒரு மாதமாகியும் கரையாவிட்டால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். காலையில் இமை முடியின் அடியில் பொடுகுபோல ஒட்டியிருந்து, எரிச்சலும் அரிப்பும் மாறி மாறி வந்தால் அது இமை அழற்சி. தலையில் பொடுகு உள்ள பிள்ளைகளிடம் கூடுதலாக வரும். திரும்பத் திரும்பக் கண்கட்டி வரும் பிள்ளைக்குப் பார்வையையும் ஒருமுறை சோதிப்பது நல்லது. எழுத்து சரியாகத் தெரியாத பிள்ளை கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கரும்பலகை தெரியவில்லை என்று தானாக வந்து சொல்லாது.

வலியே இல்லாமல், காலையில் எழுந்ததும் இரண்டு இமையும் உப்பலாக இருந்து, சிறுநீரும் குறைந்திருந்தால் அது கண் கோளாறாக இல்லாமல் சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். குழந்தைகள் நல மருத்துவரிடம் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

இனி, ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடக் கூடாதவை. இமை வீங்கிக் கண் மூடிக்கொள்வது, கூடவே காய்ச்சல், கண்ணை அசைத்தால் வலி, விழி முன்னே துருத்துவது, பார்வை மங்குவது அல்லது இரண்டிரண்டாகத் தெரிவது, சிவப்பு கன்னத்துக்கோ புருவத்துக்கோ பரவுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும் சரி. சைனஸிலிருந்து கிருமி கண்குழிக்குள் இறங்கினால் இப்படி ஆகும். பார்வை போகலாம், மூளைவரை பரவலாம். இமையில் நீர்க்கொப்புளம் வந்தாலும் அன்றே காட்டிவிடுங்கள். கண்ணில் வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டால் முதலில் மருத்துவமனைக்கு ஓடாதீர்கள். குழாய் நீரில் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவுங்கள், அப்புறம் கிளம்புங்கள். அந்தப் பொட்டலத்தைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வைப்பது அதைவிட நல்லது.

சாதாரணச் சந்தேகத்துக்கு 104 என்ற எண்ணில் கேட்கலாம். அவசரத்துக்கு 108. பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் இருக்கிறார், எந்தக் கிழமை வருவார் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கண் வலியால் தேர்வைத் தவறவிட்ட பிள்ளைக்கு மருத்துவச் சீட்டைக் காட்டினால் மறுதேர்வு வைத்துத் தருவோம். மதிப்பெண் போய்விடுமே என்று யாரும் அனுப்ப வேண்டாம். பள்ளி நேரத்தில் சொட்டு மருந்து விட வேண்டியிருந்தால், மருந்தோடு டாக்டர் சீட்டின் நகலையும் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். சீட்டு இல்லாமல் ஆசிரியர்கள் மருந்து விட மாட்டார்கள். கைப்பேசி எண் மாறியவர்கள் இந்த வாரத்துக்குள் புதிய எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்