மொரீஷியஸ் ரோஸ் ஹில்லிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ, அப்பா, தம்பி, நம்ம செவலைப் பசு எல்லோரும் சுகம்தானே? போனில் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது, அதுவும் நீ பிச்சிப்பூ பறிக்கக் கிளம்பும்போது இங்கே ஒன்றரை மணி நேரம் பின்னாடி, நான் தூக்கத்தில் உளறுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படி.

ஆடி மாசம் இங்கே குளிர்காலம், ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, ஆனால் கடைக்காரரிடம் தமிழில் கேட்டால் சிரித்துக்கொண்டே இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் பதில் சொல்வார். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, தால் பூரி என்று பருப்பை உள்ளே வைத்துத் தட்டி, பீன்ஸ் குழம்பும் மிளகாயும் தடவிச் சுருட்டித் தருகிறார்கள், இரண்டு தின்றால் மத்தியானம் ஓடிவிடும்.

சித்தி உன்னிடம் கேட்டாளாமே, "எக்கனாமிக்ஸ் படிச்சவ பேங்குல சேராம அங்க போய் என்ன பண்ணுதா?" என்று. சரி, சொல்கிறேன். வேலையில் ஆணும் பெண்ணும் எங்கே பிரிகிறார்கள், சம்பளம் எந்த இடத்தில் விலகுகிறது என்று பழைய கணக்குகளைத் தோண்டுகிறோம். கிளாடியா கோல்டின் என்று ஒரு அமெரிக்க அம்மா இதற்காகவே 2023இல் பொருளாதார நோபல் வாங்கினார், அந்தப் பரிசை வேறு யாரோடும் பங்கு போடாமல் தனியாக வாங்கிய முதல் பெண் அவர்தான். இருநூறு வருஷக் கணக்கைத் துருவியவர். பழைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வயலிலும் கடையிலும் புருஷனோடு சேர்ந்து உழைத்தவளுக்குக்கூட தொழில் என்ற இடத்தில் வெறுமனே 'மனைவி' என்று எழுதிவிட்டார்களாம். அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. 2011 பிப்ரவரியில் நம் வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீ தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாய். அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி "அவ வீட்லதான் இருக்கா, வேலைக்கெல்லாம் போகல" என்றார். அப்பா மேல் தப்பில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றியது, உனக்கும் அப்படித்தானே தோன்றியது? ஆனால் அந்தக் கணக்கெடுப்பின் விதிப்படியே, வீட்டுக்கு மட்டும் பால் கறந்தாலும், சொந்த வயலில் கூலியில்லாமல் பாடுபட்டாலும் அது வேலைதான். நாலு மணிக்கு எழுந்து பூ பறித்தவளை ஒரு வரியில் காணாமல் அடித்துவிட்டோம்.

2019இல் நம் நாட்டில், யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று நேரக் கணக்கு எடுத்தார்கள். தங்கள் வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் அதில் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 97. நீ சிரிப்பாய், அஞ்சு மணி நேரத்தில் என்றைக்கு உனக்கு வேலை முடிந்தது!

இங்கே எதிர்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். தமிழ் வம்சம்தான், பேச்சு முழுக்கக் கிரியோல், தேவாரத்தை ஃப்ரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடிவிட்டு அர்த்தம் மட்டும் என்னிடம் கேட்பார். 1970இல் இங்கே ஏற்றுமதி ஆலைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள், அந்த ஆலைகளை 'ஸோன்' என்பார்கள், எண்பதுகளில் அதில் வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கரும்புத் தீவாக இருந்த நாடு நிமிர்ந்ததில் அவர்கள் கைக்குப் பெரிய பங்கு. ஆரம்பத்தில் ஆணுக்கு ஒரு குறைந்தபட்சக் கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக ஒன்று என்று அரசாங்கமே எழுதி வைத்திருந்தது. இப்போது 2019ஆம் வருஷத் தொழிலாளர் சட்டம், சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. அக்காவும் பதினேழு வயதில் ஸ்வெட்டர் பின்னப் போனவர். அதே ஆலையில்தான் அவர் கணவரும். முதல் குழந்தை பிறந்ததும் ராத்திரி ஓவர்டைமை இவர் விட்டார், அவர் விடவில்லை. பத்து வருஷத்தில் அவர் சூப்பர்வைசர், இவர் அதே மிஷின் முன்னால். கோல்டின் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: இன்றைய சம்பள வித்தியாசத்தில் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கிறவர்களுக்கு நடுவில்தான், அதுவும் முதல் குழந்தைக்கு அப்புறம்தான் விரிகிறது. எந்நேரமும் கூப்பிட்டால் வருகிறவனுக்கு அதிகமாகக் கொடுக்கிற வேலையை அவர் 'பேராசைக்கார வேலை' என்கிறார். சட்டத்தை மட்டும் வைத்து இதைச் சரிசெய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தையை யார் தூக்குவது என்பது கூலி பற்றிய அரசாணையில் வராதே.

சென்னையில் முதல் இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ?" என்று கேட்டார்களே, அன்றைக்கு ராத்திரி உன்னிடம் அழுதேன். இப்போது அதை நினைத்தால் கோபம்கூட வருவதில்லை, 'இதுவும் ஒரு டேட்டா' என்று குறித்து வைத்துக்கொள்கிறேன். (சித்தியிடம் இதைச் சொல்லாதே, அவளும் அதே கேள்வியைத்தான் கேட்பாள்.)

அப்புறம், 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் அப்பாவைப் பேசவிடாதே. நீயே திண்ணைக்கு வா. செவலை, பிச்சித் தோட்டம், சங்கரன்கோவில் பூச்சந்தைக்குக் கட்டி அனுப்புகிற பூ, எல்லாவற்றையும் சொல். அவர்கள் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்.

தம்பியிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு, நன்றாகக் கட்டி.

உன்,
பாப்பா