உதுவும் சொரெயும்

டுசல்டோர்ப்,
25 ஓகஸ்ட் 2024

அன்பின் தோழிக்கு,

உமது கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளும். மகனின் அறையில் தங்கியிருக்கும் யப்பான் பிள்ளைக்கு எங்கள் உறைப்பு ஒத்துவருகிறதா என்று கேட்டிருந்தீர். மீன் குழம்பும் பிட்டும் எப்போதோ ஒத்துவந்துவிட்டன. ஒடியற் கூழை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தாள் என்றால் நீர் நம்பமாட்டீர். ஆனால் சாப்பாட்டைவிட அவளுடைய பேச்சைப் பற்றியே எழுத எனக்கு நிறைய இருக்கிறது.

தோக்கியோவுக்கு வடக்கே உள்ள சைத்தாமாவில் இருந்து ஒரு வருடப் பரிமாற்ற மாணவியாக அவள் வந்தாள். இந்நகரில் யப்பானியர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1950 களில் இருந்து அந்நாட்டு நிறுவனங்கள் இங்கே அலுவலகம் திறந்து வந்ததால், இம்மர்மன் வீதியில் யப்பானியப் புத்தகக் கடை, பேக்கரி, நூடில்ஸ் கடை எல்லாம் வரிசையாக உள்ளன. அங்கே அறை எடுத்தால் யேர்மன் மொழி வாயில் வராது என்று நினைத்து விலகி வந்த பிள்ளை, கடைசியில் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் வீட்டில் அகப்பட்டுக்கொண்டாள்.

பனிக்காலத்தில் ஒரு நாள் அவள் குசினியில் அடுப்பருகே நின்றபோது, நான் கதிரையில் இருந்தபடியே "உந்தப் போத்தலை ஒருக்கால் எடுத்துத் தாரும்" என்றேன். கைபேசியில் சிறிது தமிழ் படித்திருந்த அவளுக்கு இந்தவும் அந்தவும் தெரியும், உந்த தெரியாது. எனக்குப் பக்கத்தில் இருந்தால் இது, கேட்பவருக்குப் பக்கத்தில் இருந்தால் உது, இருவருக்கும் எட்டத்தில் இருந்தால் அது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், போத்தலை மறந்துவிட்டு வந்து மேசையில் அமர்ந்து, கடைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினாள். கொரெ, சொரெ, அரெ, டொரெ. எதிரே இது, உது, அது, எது. கேட்பவர் பக்கத்தைச் சுட்டத் தனிச்சொல் அவர்களிடமும் உண்டு, அதுவே சொரெ. தூரத்துச் சுட்டுக்கு இரு மொழியிலும் அகரமே நிற்பதைக் கண்டு இருவரும் சிரித்துவிட்டோம். "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தோமே, நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டு நண்பர்களின் பேச்சில் கேட்காத அந்த உகரத்தை நாங்கள் வீட்டுக்குள் வைத்திருப்பதன் அருமையை எனக்குக் காட்டித்தர ஒரு சைத்தாமாப் பிள்ளை வரவேண்டியிருந்தது.

அன்று தொடங்கியது இன்னும் முடியவில்லை. "பாலை வாங்கி வையும்" என்றால் அவள் "கத்தெ ஒகு" என்பாள். கத்தெ வாங்கி, ஒகு வை. "சாப்பிட்டுப் பாரும்" என்றால் "தபெதெ மிரு". தபெதெ சாப்பிட்டு, மிரு பார். வாயால் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்கச் சொல்வது ஏன் என்று என் யேர்மன் அயலவர் ஒருமுறை கேட்டபோது எனக்கு விடை வரவில்லை. இந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு கேள்வியே எழவில்லை.

உமக்கு உடனே யப்பானிய மொழியியற் பேராசிரியர் சுசுமு ஓனோ நினைவுக்கு வருவார் என்று தெரியும். தமிழும் யப்பானிய மொழியும் உறவு என்று அவர் சொன்னதும், எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சண்முகதாஸ், மனோன்மணி இணையர் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்ததும், தைப்பொங்கலையும் யப்பானில் சனவரி 15 இல் வரும் சிறு புத்தாண்டையும் அவர் ஒப்பிட்டதும் எங்கள் காலத்தில் எவ்வளவு பெருமையாகப் பேசப்பட்டன! அதை நான் எடுத்துச் சொன்னபோது அவள் பணிவாகத் தலையாட்டிவிட்டு, மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்றும், கொரிய மொழியும் துருக்கி மொழியும் இப்படியே வினையைக் கடைசியில் வைக்கின்றன என்றும் சொன்னாள். முதலில் எனக்குச் சற்று மனத்தாங்கல். பிறகு யோசித்தபோது, உறவே இல்லாத இரண்டு சனங்கள் ஒரே மாதிரி வாங்கி வைத்தும் சாப்பிட்டுப் பார்த்தும் வாழ்வது உறவைக் காட்டிலும் பெரிய அதிசயமாகவே பட்டது.

பழக்கவழக்கங்களில் அவள் தடுமாறியது எங்களிடம் அல்ல, யேர்மனியரிடம். சக மாணவி ஒருத்தியின் வீட்டில் இரவு விருந்து. இன்னும் வேண்டுமா என்று கேட்டார்களாம். மரியாதைக்கு வேண்டாம் என்றாளாம். தட்டை உடனே எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பத்து மணிக்குப் பசியோடு திரும்பி வந்தவளுக்கு இடியப்பம் வைத்தேன். மறுக்க மறுக்க மூன்று தரம் போட்டேன், மூன்றையும் சாப்பிட்டாள். முதல் மறுப்பைச் சொல்ல வைக்கும் அந்தக் கூச்சத்துக்கு அவர்கள் 'என்ரியோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பெயர் வைக்காமலே நடத்துகிறோம். ஆனாலும் யேர்மனியர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வேண்டும் என்றால் வேண்டும்தான், அதில் ஒரு நிம்மதி உண்டு.

காலையில் வாசலில் சப்பாத்துப் போடும்போது அவள் "இத்தெகிமாஸ்" என்பாள். போய் வருகிறேன் என்பதே அதன் சொல்லுக்குச் சொல் பொருள். வீட்டில் இருப்பவர் "இத்தெராஷ்ஷாய்", அதாவது போய் வாரும் என்று சொல்லவேண்டும். போகிறேன் என்று மட்டும் சொன்னால் அம்மாவிடம் நாங்கள் வாங்கிய ஏச்சைச் சொன்னேன். இப்போது அவள் "போட்டு வாறன்" என்கிறாள், நான் "இத்தெராஷ்ஷாய்" என்கிறேன்.

பங்குனியில் அவளுடைய அம்மம்மா காலமானார். பரீட்சை நேரம், வரவேண்டாம் என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். 1996 இல் அம்மாவின் செய்தி ஐந்து கிழமை பிந்திக் கடிதமாக எனக்கு வந்ததை நீர் அறிவீர், அதனால் நான் ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. இம்மாதம் 4 ஆம் திகதி ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்காக விரதம் இருந்து, அன்றைய சமையலுக்கு வேண்டிய காத்தோட்டிக்காய் கிடைக்காததால் பாகற்காயோடு சமாளித்துப் படைத்தபோது அவள் குசினிக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 13 ஆம் திகதி அவர்களுக்கு ஓபோன் தொடங்கியது. முன்னோர் வீட்டுக்கு வந்து தங்கிப் போகும் நாட்கள் அவை. விரைந்து வர வெள்ளரிக்காய்க் குதிரையும், ஆறுதலாகத் திரும்பிப் போகக் கத்தரிக்காய் மாடும் செய்து வைப்பார்களாம். இங்கே விற்கும் வெள்ளரிக்காய் முழங்கை நீளம், யப்பானில் சாணளவுதானாம். பற்குச்சியால் நான்கு கால் குத்தி நிறுத்தியதும் குதிரை நடுவில் தொய்ந்து விழுந்தது. இன்னும் இரண்டு கால் குத்தினாள். ஆறு கால் குதிரையும் பூசணிக்காய் போலப் பருத்த ஒரு கத்தரிக்காய் மாடும் என் யன்னல் விளிம்பில், அப்பாவின் படத்துக்குக் கீழே, நான்கு நாட்கள் நின்றன.

16 ஆம் திகதி மாலை அவற்றைக் குப்பைத் தொட்டியில் போட அவளுக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. ஆடி அமாவாசைக்கு எங்கள் ஆட்கள் தீர்த்தமாடப் போகும் கீரிமலைக் கடலை நினைத்துக்கொண்டு, இருவரும் றைன் நதிக்கரைக்கு நடந்தோம். குதிரையை நீரோட்டம் உடனே இழுத்துக்கொண்டது. மாடு கரையோரம் சற்று நேரம் சுற்றிக்கொண்டு நின்றது. அவள் குனிந்து "இத்தெராஷ்ஷாய்" என்றாள்.

செப்டம்பர் கடைசியில் அவள் பயணம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் காத்தோட்டிக்காய் வற்றல் கொஞ்சம் கொடுத்துவிடும், ஒரு பங்கை அவளுக்கும் கட்டிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். உமது பேரப்பிள்ளைகள் இன்னும் உது என்று பேசுகிறார்களா என்று அவள் கேட்கச் சொன்னாள். மறக்காமல் எழுதும்.

அன்புடன்,
உமது பழைய தோழி