ஃபார்ம்வில் பயணத்துக்கு முன் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை 9ஆம் நிலை மாணவர்களை வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில் உள்ள மோட்டன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்கிறோம். 1939இல் 180 பேருக்கென்று கட்டிய கறுப்பின மாணவர் பள்ளி அது. 1951 வாக்கில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மழை வந்தால் ஒழுகும். அடுப்போரம் உட்கார்ந்தவருக்கு வெக்கை, தள்ளி உட்கார்ந்தவருக்கு மேல்கோட்டு. 1951 ஏப்ரல் 23 அன்று 16 வயது பார்பரா ஜான்ஸ் தலைமையில் மாணவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். அதிலிருந்து பிறந்த வழக்கு, அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டின் பிரவுன் தீர்ப்புக்குள் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்று.

இவ்வளவும் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே ஊரில் வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பிரின்ஸ் எட்வர்ட் அகாடமியைப் பற்றித்தான் பாடநூலில் அதிகம் இல்லை.

1959 செப்டம்பருக்குள் இருதரப்பையும் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. கவுன்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நிர்வாகம் பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கவே மறுத்தது. அரசுப் பள்ளிகள் ஐந்தாண்டு மூடிக் கிடந்தன. அகாடமியோ அதே செப்டம்பரில், தேவாலயங்களிலும் கிடைத்த கட்டடங்களிலும், சுமார் 1,500 பேருடன் திறந்துவிட்டது. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை.

"தனியார் பள்ளிதானே, அவர்கள் விருப்பம்" என்று பிள்ளைகள் கேட்டால் பணக் கணக்கைக் காட்டுங்கள். முதல் ஆண்டு நன்கொடையில் ஓடியது. 1960இல் மாநிலம் ஒரு பிள்ளைக்கு 125 அல்லது 150 டாலர் கல்வி மானியம் தந்தது. கவுன்டி 100 சேர்த்தது. ஆக, தொடக்கப்பள்ளிக்கு 225, உயர்நிலைக்கு 250. போதாததற்கு, அகாடமிக்கு நன்கொடை தந்தவர்களுக்குச் சொத்து வரியில் 25 விழுக்காடு வரை கழிவு. காகிதத்தில் மானியம் எல்லா இனத்தவருக்கும் உண்டு, சேர்த்துக்கொள்ளும் பள்ளிதான் கிடையாது. கறுப்பினத்தவருக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் தரப்பில் சொன்னார்கள், கறுப்பினத்தவர் மறுத்தார்கள். ஏற்றிருந்தால் சேர்ந்து படிக்கும் உரிமைக்கான வழக்கே வலுவிழந்திருக்கும். இந்த இடத்தில் சற்று நிறுத்திப் பிள்ளைகளோடு பேசுங்கள்.

1961இல் நீதிமன்றம் மானியத்தை நிறுத்தியது. 1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிகளை மூடியதை எதிர்த்த கிரிஃபின் வழக்கில் தீர்ப்பளித்தபின் அரசுப் பள்ளிகள் திறந்தன. அகாடமி மூடவில்லை, 1978இல் வரிவிலக்கை இழந்தது, 1986இல்தான் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது. 1993 முதல் அதன் பெயர் ஃபுக்வா பள்ளி. இன்று அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் பங்கில்லை. வழியில் பார்த்தால் குறுக்குக் கேள்வி வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

பேருந்து காலை 7.30க்குக் கிளம்பும். ஒப்புதல் படிவம் வியாழனுக்குள் வேண்டும். மதியத்துக்குப் புளிசாதம் போல ஒழுகாத சாப்பாடாகக் கட்டிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்