துணியோடு நிற்கும் அப்பா

பெருஜியா, நவம்பர் 9

அன்புள்ள சேது,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டிக்கொள். முழங்கால் வலி, வெள்ளையடிப்பு என்றெல்லாம் சொன்னால் நீ நம்பப்போவதில்லை. காரணம் வேறு, கீழே வருகிறது.

வித்யாவிடம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கமலாவுக்குக் குளிரைத் தவிர எல்லாம் பிடித்திருக்கிறது. எனக்குத்தான் காப்பி பிரச்சினை. ஒரே மிடறு தருகிறார்கள், நம் ஆறுமுகம் கடன் கொடுப்பதுபோல.

நேற்று இங்கே இத்தாலியிலேயே பக்கத்தில் இருக்கும் அசிசி போனோம். நம் பள்ளிக்கூட வாசலில் தோளில் குருவியோடு நிற்பாரே புனித பிரான்சிஸ், அவருடைய ஊர். ரயில் மலைமேல் ஏறுவதில்லை, கீழே சமவெளியிலேயே இறக்கிவிடுகிறது. அங்கே பிரம்மாண்டமான ஒரு தேவாலயம். உள்ளே நுழைந்தால் நட்டநடுவே இன்னொரு குட்டிக் கல் கோயில், போர்சியுங்கோலா. பிரான்சிஸ் தன் கையாலேயே பழுது பார்த்தது. அதற்குப் பக்கத்தில்தான் 1226இல் இறந்தார். ஒன்றுமே வேண்டாம் என்றவரின் குடிசை மாதிரியான கோயிலுக்கு இவ்வளவு பெரிய கூரை! உனக்கு வாய் சும்மா இருந்திருக்காது.

பஸ் பிடித்து மேலே போனோம். சுபாசியோ மலைச்சரிவில் வெளிர் ரோஜா நிறக் கல்லால் கட்டிய ஊர். அதற்குக் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் ஆலிவ் தோப்பு. இது பறிக்கிற பருவம். மரத்தடியில் வலையை விரித்துவிட்டுக் கிளையைத் தலை வாருவதுபோல வாரிக் காயை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றடித்தால் இலை புரண்டு தோப்பே வெள்ளியாகிறது. மதியம் கல்லில் சுட்ட தடித்த ரொட்டி, நடுவில் கீரை. 'ஊத்தப்பத்துக்கு அண்ணன்' என்றாள் கமலா.

மேலே ஊரில் பிரான்சிஸ் பெயரில் இருக்கும் பெரிய கோயில் இரண்டடுக்கு. அவர் இறந்து இரண்டே வருடத்தில், 1228இல், தொடங்கிவிட்டார்கள். யாரும் தூக்கிப் போய்விடக் கூடாதென்று உடலை அடியில் ஒளித்துவைத்து, கடைசியில் 1818இல்தான் கண்டெடுத்தார்களாம். ஒட்டுப்போட்ட அவருடைய அங்கியும் கண்ணாடிக்குள் இருக்கிறது. 1997 நிலநடுக்கத்தில் மேல்கோயில் விதானம் இடிந்து நாலு பேர் செத்தார்கள். சிதறிய சுவரோவியங்களைத் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த மேல்கோயில் சுவரில் அவர் வாழ்க்கை 28 படங்களாக இருக்கிறது. ஜொத்தோ என்ற ஓவியர் வரைந்தது என்கிறார்கள், இல்லை என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. அதில் ஒன்றின் முன்னால்தான் நான் நின்றுவிட்டேன். பிரான்சிஸின் அப்பா ஜவுளி வியாபாரி. கடைத் துணியையும் குதிரையையும் விற்றுப் பாழடைந்த கோயிலைச் சீர்செய்யப் பணம் கொண்டுபோன மகனைப் பிஷப்பிடம் இழுத்துப் போகிறார். 'உங்கள் காசு, உங்கள் துணி' என்று உடுத்தியதையும் அவிழ்த்துக் கொடுத்துவிடுகிறான் பையன். படத்தில் எல்லோரும் அவனைத்தான் பார்க்கிறார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். மஞ்சள் அங்கி, ஒரு கையில் மகனுடைய துணிகள், மறு கையை யாரோ பிடித்துத் தடுக்கிறான்.

அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த மனுஷன் என்ன செய்திருப்பான், சேது?

அருண் வங்கி வேலையை விட்டது உனக்குத் தெரியும். அன்றிரவு நான் என்ன பேசினேன் என்பது தெரியாது. 'என் காசில் படித்தவன்தானே' என்றேன். பைக் சாவியையும், வேலை கிடைத்தபோது நான் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். கடிகாரம் இன்னும் என் பீரோவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எழுதக் கூச்சப்பட்டுத்தான் எட்டு மாதம்.

அவனைப் புனிதர் என்று சொல்லவரவில்லை, ஒன்பது மணிக்கு முன் எழுந்தால் அதுவே அற்புதம். ஆனால் ஊருக்குள் பிரான்சிஸின் பெற்றோருக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. அம்மா கையில் சங்கிலி. அப்பா கட்டிப்போட்ட பிள்ளையை அவள்தான் அவிழ்த்துவிட்டாளாம். கமலா அந்தச் சிலையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். பஸ் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

சிறுமலையில் யாரோ சிநேகிதர்களோடு வாழையும் மிளகும் போட்டிருக்கிறானாம். உனக்குத் திண்டுக்கல்லிலிருந்து எவ்வளவு தூரம்? ஒரு நாள் போய் வா. நான் அனுப்பியதாகச் சொல்லாதே. உபதேசமும் வேண்டாம், உன் உபதேசம் எனக்குத் தெரியும். கையில் வேறு கடிகாரம் கட்டியிருக்கிறானா என்று மட்டும் பார்த்து எழுது.

உன்
கணேசன்