தோயப் போறன் என்று சொல்லும்

அன்புள்ள தங்கச்சி,

ராத்திரி 11 மணிக்கு நீர் அனுப்பிய வொயிஸ் மெசேஜைக் காலையில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றபடிதான் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு மட்டும் எப்பிடி நேரம் கிடைக்குது? இவன் பிறந்து ஒன்றரை வருசம், நான் ஒரு வரி எழுதேல்லை." நடுவில் அவன் சிணுங்குகிறதும் நீர் தட்டிக்கொடுக்கிறதும் கேட்டது. வொயிஸிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கம்பஸில் கைலாசபதி அரங்குப் படியில் இருந்து ஆளுக்காள் கவிதை வாசித்துக் காட்டிய நாங்கள் இப்படி முப்பது செக்கன் துண்டுகளாகக் கதைக்கிறது ஒரு மாதிரி இருந்தது, அதனால் கடிதம். இதை எழுதி முடிக்க நாலு நாள் எடுத்தது, இடையில் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தும் போய்விட்டது.

முதலில் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நேரம் கிடைக்கிறதில்லை. மூத்தவளை முன்பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் மூன்று மணித்தியாலம், அதற்குள் சமையல், உடுப்பு, சின்னவன். இவர் கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போய்வருகிறவர், பொழுதுபட்டுத்தான் வருவார். வந்த உடனே பிள்ளைகளைத் தூக்குவார், குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நேரம் என்ர மூளை அவிந்துபோய் இருக்கும். விடிய நாலு மணிக்கு எழும்பி எழுதச் சொல்லுவார்களே, அதையும் செய்து பார்த்தேன். லைட் போடாமல், கதவுச் சத்தமும் இல்லாமல் எழும்பி வந்தாலும் சின்னவன் தலையணையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நிற்பான். மூன்று நாளோடு விட்டுவிட்டேன்.

அமெரிக்க எழுத்தாளர் டோனி மொரிசனைப் பற்றி நீரும் வாசித்திருப்பீர். இரண்டு ஆண்பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு எழுதியவர், முதல் நாவல் 1970இல் வந்தபோது வயது 39. எழுதிக்கொண்டிருந்த தாளில் பிள்ளை ஒரேஞ்ச் ஜூஸைக் கக்கிவிட, கையில் நல்லதொரு வசனம் இருந்ததால் அந்த ஈரத்தைச் சுற்றியே எழுதினாராம். கம்பஸ் காலத்தில் இது எனக்கு வீரக்கதை மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால், விட்டால் அந்த வசனம் போய்விடும் என்ற அவருடைய பயம்தான் தெரிகிறது. உமக்கும் எனக்கும் அதே வருத்தம்தான். முழுநாள் தனிமை கேட்டு நான் அழவில்லை, காலையில் குசினியில் வந்த வசனம் மத்தியானம் வரைக்கும் உயிரோடு கிடந்தால் போதும்.

அதற்கு நான் கண்ட வழி குசினிக் கலண்டர். காஸ் மாற்றின திகதி குறித்து வைப்போமே, அதற்குப் பக்கத்தில் நாலு சொல் எழுதிவிடுவேன். போன மாசம் "கறுத்தக் குடை, மழை இல்லை" என்று எழுதியிருந்தேன், ஒரு கதையின் முதல் காட்சி அது. இவர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, அடுத்தநாள் வரும்போது ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கறுப்புத்தான்.

ஃபோனைப் பார்த்துச் சொன்னால் அதுவே எழுதும் என்று ஒரு சிநேகிதி சொன்னதைக் கேட்டு, தேங்காய் துருவிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். "உவன்" என்றால் "அவன்" என்று எழுதுகிறது. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது, எங்கட ஊரில் அந்த உகரம் இன்னும் வாயில் இருக்கிறது, எங்கட சின்னவனே "உது என்ன?" என்றுதான் கேட்கிறான். ஃபோனுக்குத்தான் விளங்கவில்லை. பிறகு என்கிறதுக்கு நாங்கள் சொல்லுற "பேந்து" என்றதை "பேண்ட்" ஆக்கிவிட்டது. உவன் எல்லாரையும் திருத்தி எடுக்கிற நேரத்தில் கையாலேயே எழுதியிருக்கலாம்.

1914இலேயே ஈழத்துப் பெண் எழுத்தாளர் மங்களநாயகம் தம்பையா நாவல் வெளியிட்டார் என்று படித்தோம், பரீட்சையிலும் எழுதினோம். அவர் எழுதின நேரம் அவருடைய வீட்டு அடுப்படியில் யார் நின்றது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இப்போது அது ஒன்றைத்தான் கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் மாமி இருக்கிறா. "மாமி, கொஞ்சம் எழுதோணும், இவனைப் பாருங்கோ" என்றால், "பேந்து எழுதலாம் பிள்ளை, அவன் உம்மைத்தான் தேடுறான்" என்று பதில் வரும். ஆனால் வெள்ளிக்கிழமையில் தலைமுழுக்குக்கு "தோயப் போறன்" என்று சொன்னால் வீடே வழிவிடும். மாமி சின்னவனைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்க் காகம் காட்டுவா. தோய்கிற ஆளை ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள், ஏதோ சட்டம் மாதிரி. அப்புறம் என்ன, வைகாசியில் ஒரு வெள்ளி, சீயாக்காயும் பாதித் தேசிக்காயும் எடுத்துக்கொண்டு, துவாய்க்குள் கொப்பியைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மறைப்புக்குள், உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்து எழுதினேன். இடைக்கிடை ஒரு வாளி தண்ணீர் அள்ளி வாழைக்கு ஊற்றினேன், சத்தம் கேட்க வேண்டுமே. மூன்று வெள்ளி இப்படி நடந்தது. ஒன்றரைக் கதை முடிந்தது, வாழையும் நன்றாகச் செழித்தது.

நாலாவது வெள்ளி, எழுதின சுதியில் வாளியை மறந்துபோனேன். வெளியில் வந்தால் மாமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறா. என்ர தலையைப் பார்த்தா, துவாய்க்குள்ளால் நீட்டிக்கொண்டிருந்த கொப்பியைப் பார்த்தா. "தலை நனையேல்லை" என்றா, அவ்வளவுதான். சரி, இன்றைக்கு இது இவருடைய காதுக்குப் போகும், சனிக்கிழமை மச்சாள் வீட்டுக்கும் போகும் என்று பயந்துகொண்டு திரிந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் ஒருநாள் உண்மையாகவே தோய்ந்தேன். அதற்கு அடுத்தநாள் பின்னேரம், தலையில் சீயாக்காய் மணம்கூடப் போகவில்லை, மாமி வந்து சின்னவனை வாங்கிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "போய்த் தோய்ஞ்சிட்டு வாரும் பிள்ளை" என்றா.

பொய் சொல்லித்தான் எழுத வேண்டுமா என்று உமக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. கம்பஸில் என்றால் இதைப் பற்றி ஒரு காரசாரமான கட்டுரையே எழுதியிருப்பேன், இப்போது கையில் இருக்கிற அரை மணித்தியாலத்தைக் கட்டுரைக்குக் கொடுக்க மனம் வரவில்லை, கதை கிடக்கிறது.

இன்னொன்று. எழுதேல்லை என்று அழுத அதே மெசேஜில், "இவன் நித்திரையானாலும் கை மட்டும் என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு முழிச்சிருக்குது" என்றும் சொன்னீர். அதை எங்கேயாவது குறித்து வைத்தீரா? இல்லையென்றால் நான் எடுத்துவிடுவேன், பிறகு சண்டைக்கு வரக்கூடாது.

வாற வெள்ளி நாலு மணிக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாரும். சுன்னாகத்தில் பஸ் ஏறினால் கொக்குவில் எவ்வளவு தூரம்? மூன்று பேரையும் பார்க்கச் சொல்லி மாமியிடம் கேட்டுவிட்டேன், "அந்தப் பிள்ளையும் தோயவோ?" என்றா. துவாய் கொண்டுவாரும். இந்தக் கிழமை வாழைக்கு இன்னும் தண்ணீர் விடவில்லை.

அன்புடன்,
அக்கா